தி கிராம்ப்ஸும் அவர்களின் கடைசி ஆல்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் ‘வெட்னஸ்டே’ தொடர் வந்ததிலிருந்து, கிராம்ப்ஸ் இசைக்குழுவைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். 2003-ல் வந்த அவர்களின் கடைசி ஸ்டுடியோ ஆல்பமான ‘ஃபீண்ட்ஸ் ஆஃப் டோப் ஐலண்ட்’ பற்றிய கேள்விகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். பலரும் கேட்காமலே தாண்டிப்போகிற ஆல்பம் அது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

வெட்னஸ்டே சீரிஸ்ல அந்தப் பொண்ணு ஆடுற பாட்டு லேடி காகா பாடினதுதானே?

இல்லை. தொடரின் நான்காவது எபிசோடில் ஜென்னா ஒர்டேகா ஆடும்போது ஒலிப்பது கிராம்ப்ஸின் ‘கூ கூ மக்’. 1981-ல் வந்த ‘சைக்கடெலிக் ஜங்கிள்’ ஆல்பத்தில் இருக்கிறது. தொடர் வெளியான பிறகு ரசிகர்கள் அதே நடனக் காட்சிக்கு லேடி காகாவின் ‘பிளடி மேரி’ பாட்டை ஒட்டி டிக்டாக்கில் போட்டார்கள். அந்த வீடியோக்கள்தான் அதிகம் பரவின. தொடரைப் பார்க்காமல் ரீல்ஸ் மட்டும் பார்த்தவர்களுக்குக் குழப்பம் வந்தது அதனால்தான்.

இன்னொரு விஷயம்: கிராம்ப்ஸுக்கும் அது சொந்தப் பாட்டு இல்லை. 1962-ல் ரானி குக் அண்ட் தி கேலாட்ஸ் என்ற குழு வெளியிட்ட, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சின்னத் தட்டு) அது. இப்படிப் பழைய தட்டுகளைத் தோண்டியெடுத்துப் பாடுவது பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

கிராம்ப்ஸ்னா யாரு? எந்த ஊரு, எந்தக் காலம்?

அமெரிக்கக் குழு. அதன் உயிர் இரண்டே பேர்: பாடகர் லக்ஸ் இன்டீரியர், கிதார் வாசித்த பாய்சன் ஐவி. இரண்டும் அவர்களே வைத்துக்கொண்ட பெயர்கள். லக்ஸின் இயற்பெயர் எரிக் பர்க்கைசர், ஒஹையோ மாநிலத்துக்காரர், 1946-ல் பிறந்தவர். ஐவியின் இயற்பெயர் கிறிஸ்டி வாலஸ், கலிஃபோர்னியாக்காரர், 1953-ல் பிறந்தவர். 1972-ல் சாக்ரமெண்டோவில் சாலையோரம் லிஃப்ட் கேட்டு நின்றிருந்த ஐவியை லக்ஸ் காரில் ஏற்றிக்கொண்டார். அதிலிருந்து லக்ஸ் இறக்கும்வரை இருவரும் பிரியவே இல்லை.

ஒஹையோவில் ஆக்ரனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1975-ல் நியூயார்க் போனார்கள். 1976-ல் குழு மேடையேறியது. ரமோன்ஸ் போன்ற பங்க் குழுக்கள் வாசித்துக்கொண்டிருந்த அதே சிபிஜிபி கிளப்பில்தான் இவர்களும் வாசித்தார்கள். 1980-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். டிரம்ஸில் நிக் நாக்ஸ் மட்டும் 1977 முதல் 1991 வரை நிலைத்து நின்றார். மற்றபடி ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். லக்ஸும் ஐவியும் மட்டும் கடைசிவரை மாறவில்லை.

சைக்கோபில்லி, கராஜ் பங்க், ராக்கபில்லின்னு எல்லாம் சொல்றாங்களே, ஒண்ணும் புரியல.

ராக்கபில்லியிலிருந்து தொடங்குவோம். 1950-களில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர்களின் கன்ட்ரி இசையும் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பிறந்தது அது. எல்விஸின் ஆரம்பகாலத் தட்டுகள்தான் நல்ல உதாரணம். மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோவில் பதிவானவை. அவற்றில் குரலுக்குப் பின்னாலேயே அதே குரல் ஒருமுறை பட்டென்று திருப்பி அடிப்பது போலக் கேட்கும். டேப் இயந்திரத்தில் பதியும் முனைக்கும் திருப்பி ஒலிக்கும் முனைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. டேப் அதைக் கடக்க எடுக்கும் நேரம்தான் அந்த எதிரொலி. ‘ஸ்லாப்பேக்’ என்பார்கள். கிராம்ப்ஸ் தட்டுகளில் இதை நிறையக் கேட்கலாம்.

கராஜ் என்பது 1960-களின் நடுவில் வீட்டு கார் ஷெட்டில் பழகிய பையன்கள் போட்ட முரட்டு ராக். நுணுக்கம் குறைவு, வேகமும் இரைச்சலும் அதிகம். இந்த இரண்டோடு, 1970-களில் வந்த வேகமான, எளிமையான, கோபமான ராக்கான பங்க் இசையின் ஆவேசத்தையும், மலிவு விலைப் பேய்க் கதைகளின் சுவையையும் சேர்த்தால் கிராம்ப்ஸ். ‘சைக்கோபில்லி’ என்ற சொல் 1976-ல் ஜானி கேஷ் பாடிய ஒரு பாட்டின் வரியில் வருகிறது. அதை எடுத்துத் தங்கள் கச்சேரி நோட்டீஸில் போட்டுக்கொண்டவர்கள் இவர்கள்.

பாஸ் கிதாரே இல்லாத பேண்டாமே? அது எப்படி நிக்கும்?

பாட்டுக்கு அடித்தளமாகக் கீழ் சுரங்களை வாசிக்கும் கிதார்தான் பாஸ். முதல் பத்து வருஷம் இல்லை, உண்மைதான். இரண்டு கிதார், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். ஒரு கிதார் ‘ஃபஸ்’ எஃபெக்ட் போட்டுக் கரகரவென்று அடித்தளம் முழுவதையும் நிரப்பும். ஆரம்பத்தில் அதை வாசித்தவர் பிரையன் கிரிகரி, அப்புறம் கிட் காங்கோ பவர்ஸ். அதன்மேல் ஐவியின் கிதார் தனித்தனி சுரமாகத் துல்லியமாக நடந்துபோகும். நிக் நாக்ஸின் டிரம்ஸில் அலங்காரமே இருக்காது. அதனால் பாட்டில் நிறைய வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் பயம் குடியிருக்கிறது. முதல் ஆல்பமான ‘சாங்ஸ் தி லார்ட் டாட் அஸ்’ (1980) கேட்டால் தெரியும்.

1986-ல் வந்த ‘எ டேட் வித் எல்விஸ்’ ஆல்பத்திலிருந்து பாஸ் வந்துவிட்டது. கடைசி ஆல்பத்திலும் உண்டு.

பாய்சன் ஐவி போஸ்டருக்காக நிக்கவச்ச ஆளா, நிஜமாவே வாசிப்பாங்களா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கிராம்ப்ஸின் ஒலி என்பதே ஐவியின் கிதார்தான். லிங்க் ரே, டுவேன் எடி போன்ற 1950-களின் கிதார் வாசிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்தவர். 1958-ல் தயாரான கிரெட்ச் 6120 கிதாரைத்தான் 1980-களின் நடுவிலிருந்து வாசித்தார். உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெரிய ஆரஞ்சு நிறக் கிதார் அது. நாலைந்து சுரத்துக்குமேல் தேவையில்லாமல் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். பக்கத்தில் லக்ஸ் ஸ்பீக்கர்மேல் ஏறிக் குதிக்கும்போதும் ஐவி முகத்தில் சலனமே இருக்காது.

பாட்டுகளை லக்ஸோடு சேர்ந்து எழுதியதும் அவர்தான். இரண்டாம் ஆல்பத்திலிருந்து குழுவின் ஒலிப்பதிவுகளைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். 1990-ல் வந்த ‘ஸ்டே சிக்’ ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் என்று போட்டிருப்பது ஐவியின் பெயர். அந்தக் காலத்து ராக் உலகில் ஒரு பெண் முன்னணிக் கிதாரிஸ்டாகவும் தயாரிப்பாளராகவும் இருந்தது மிக அபூர்வம்.

மென்டல் ஆஸ்பத்திரிக்குள்ள கச்சேரி பண்ணினாங்கன்னு சொல்றது கட்டுக்கதைதானே?

நூற்றுக்கு நூறு உண்மை. 1978 ஜூன் 13, கலிஃபோர்னியாவின் நாபா அரசு மனநல மருத்துவமனை. பார்வையாளர்கள் அங்கே சிகிச்சையில் இருந்தவர்கள். டார்கெட் வீடியோ என்ற குழு அதைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தது. இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஓடும். மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே எந்தத் தடுப்பும் இல்லை. சிலர் ஆடுகிறார்கள், சிலர் சும்மா நடந்து போகிறார்கள், ஒரு பெண் வந்து மைக்கைப் பிடித்துக் கத்துகிறார். லக்ஸ் விலகவே இல்லை, மைக்கைப் பகிர்ந்துகொள்கிறார்.

உங்களைப் பைத்தியம் என்று யாரோ சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்ற பொருளில் லக்ஸ் அவர்களிடம் பேசுவது பதிவாகியிருக்கிறது. நோயாளிகளை வேடிக்கைப் பொருளாக்கினார்கள் என்று சிலர் குறை சொல்வதுண்டு. வீடியோவை முழுதாகப் பாருங்கள். அந்த இடத்தில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

பேய், சாத்தான், ரத்தம்னு பாடுறாங்களே, ஏதாவது மதத்துக்கு எதிரான குழுவா?

அப்படி எதுவும் இல்லை. லக்ஸ் வளர்ந்த வட்டாரத்தில், கிளீவ்லாண்ட் தொலைக்காட்சியில் 1963 முதல் 1966 வரை கூலார்டி என்ற பாத்திரம் இரவு நேரத்தில் மட்டமான பேய்ப் படங்களைத் தொகுத்து வழங்கியது. அந்த வேஷத்தில் வந்தவர் எர்னி ஆண்டர்சன் (இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சனின் அப்பா). படம் ஓடும்போதே குறுக்கே பேசுவார், பின்னணியில் முரட்டு ராக் தட்டுகளைப் போடுவார். அந்த வட்டாரத்துப் பையன்கள் ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. ‘ஸ்டே சிக்’ என்ற ஆல்பத் தலைப்பு கூலார்டி அடிக்கடி சொன்ன வார்த்தை. 1997-ல் ஆண்டர்சன் இறந்த வருஷம் வந்த ‘பிக் பீட் ஃப்ரம் பேட்ஸ்வில்’ ஆல்பத்தை அவர் நினைவுக்குத்தான் அர்ப்பணித்தார்கள்.

ஆக, அவர்களின் பேய்கள் பேய்ப் படங்களிலிருந்தும் 1950-களின் திகில் காமிக்ஸிலிருந்தும் வந்தவை. குழுவின் பெயரை எழுதும் எழுத்து வடிவம்கூட அந்தக் காமிக்ஸ் அட்டைகளின் பாணிதான்.

கடைசி ஆல்பம் எப்போ வந்துச்சு? அதுல யார் யார் வாசிச்சாங்க?

‘ஃபீண்ட்ஸ் ஆஃப் டோப் ஐலண்ட்’, 2003. மொத்தம் 13 பாட்டுகள். குரல் லக்ஸ், கிதார் ஐவி, பாஸ் சாப்பர் ஃபிராங்க்ளின், டிரம்ஸ் ஹாரி டிரம்டினி. முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் ஆறு வருஷ இடைவெளி. நடுவில், 2001-ல், தங்கள் பழைய ஆல்பங்கள் பலவற்றைச் சொந்த லேபிளில், அதாவது சொந்தத் தட்டு வெளியீட்டு நிறுவனத்தில், மறுவெளியீடு செய்தார்கள்.

அந்த லேபிளின் பெயர் வெஞ்சன்ஸ் ரெக்கார்ட்ஸ். கடைசி ஆல்பமும் அதில்தான் வந்தது. 1978-ல் முதல் சிங்கிள்களை வெளியிட்டதும் இதே பெயரில்தான். நடுவில் பல கம்பெனிகளுக்குப் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் ராயல்டி விவகாரத்தில் ஒரு கம்பெனியோடு வழக்காகி, கொஞ்ச காலம் புதிய தட்டு எதையும் வெளியிட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். ‘எ டேட் வித் எல்விஸ்’ ஐரோப்பாவில் 1986-லேயே வந்துவிட்டது, ஆனால் அமெரிக்கக் கடைகளுக்கு வர 1990 ஆனது. இத்தனைக்கும் பிறகு சொந்தப் பெயருக்கே திரும்பி, யாரிடமும் அனுமதி கேட்காமல் போட்ட ஆல்பம் இது. கேட்கும்போதே அந்தச் சுதந்திரம் தெரியும்.

டோப் ஐலண்ட்னா போதைப்பொருளைப் புகழ்ற ஆல்பமா?

தலைப்பு ஒரு பழைய படத்தின் பெயர். 1961-ல் திரையரங்குகளுக்கு வந்த, புருஸ் பென்னட் நடித்த ஒரு மலிவுச் சாகசப் படம், ‘ஃபீண்ட் ஆஃப் டோப் ஐலண்ட்’. தீவில் கஞ்சா பயிரிடும் வில்லன் கதை. அதன் ஒருமையைப் பன்மையாக்கிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த வகைப் பட போஸ்டர்களின் மிகைப்படுத்தலை.

ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தமாகப் போடுகிற ஆல்பம் இல்லை. இரண்டு பாட்டுகளின் தலைப்பிலேயே கெட்ட வார்த்தை இருக்கிறது. ஒரு தலைப்பு எல்விஸையும் கிறிஸ்துவையும் சேர்த்து வைத்துப் பேசுகிறது. மனம் புண்படக்கூடியவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

கேக்க எப்படி இருக்கும்? எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?

வரிசையாகவே கேளுங்கள். ‘பிக் பிளாக் விட்ச்கிராஃப்ட் ராக்’ என்ற முதல் பாட்டிலேயே ஐவியின் கிதார் தடித்துப்போய் வந்து நிற்கும். மேலே சொன்ன முதல் ஆல்பத்தின் வெற்றிடம் இங்கே கிடையாது. எல்லாம் நிரம்பி வழியும். லக்ஸ் அப்போது ஐம்பத்தாறு வயதுக்காரர். குரல் கரடுமுரடாகியிருக்கிறது, அதை மறைக்க முயலவே இல்லை. விக்குவது, உறுமுவது, மூச்சு வாங்குவது எல்லாம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் நான்காவது பாட்டு, ‘ஃபிஷர் ஆஃப் ரொலாண்டோ’. மூளையின் முன்மடலையும் உச்சிமடலையும் பிரிக்கும் பள்ளத்துக்குப் பழைய உடற்கூறியல் நூல்கள் வைத்த பெயர் அது. ராக் பாட்டுக்கு இதைத் தலைப்பாக வைக்கலாம் என்று வேறு யாருக்குத் தோன்றும்! அப்புறம் ஏழாவதாக வரும் ‘டபூ’. கியூபாவின் மார்கரிட்டா லெகுவோனா எழுதிய பழைய மெட்டு. 1950-களின் இறுதியில் ஆர்தர் லைமன் ஹவாயிலிருந்து இதை மெல்லிய வைப்ரஃபோன் இசையாக்கிப் பிரபலப்படுத்தினார். அந்த வடிவத்தைக் கேட்டுவிட்டு உடனே கிராம்ப்ஸ் வடிவத்தைக் கேளுங்கள். சத்தத்தின் நடுவே இப்படி ஒரு வெக்கையான பாட்டை வைத்தது நல்ல யோசனை. கடைசிப் பாட்டு ‘ராங் வே டிக்கெட்’டையும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

1980-ல போட்டதையே 2003-லயும் போட்டிருக்காங்க. வளரவே இல்லையே?

நியாயமான கேள்விதான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒலி மாறியிருக்கிறது: பாஸ் வந்தது, கிதார் தடித்தது, குரல் முற்றியது. மாறாதது அவர்கள் எதை நேசித்தார்கள் என்பது. பல ராக் குழுக்கள் வயதானதும் மெதுவான பாட்டு, வயலின் கூட்டம், ஆழ்ந்த சிந்தனை என்று போய்விடுகின்றன. அதில் தவறில்லை. கிராம்ப்ஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ராக் அண்ட் ரோல் என்பது இளவயதில் வந்துபோகிற காய்ச்சல் இல்லை, ஒரு முழு வாழ்க்கைக்குப் போதுமான விஷயம் என்று அவர்கள் நம்பினார்கள். கடைசி ஆல்பம் அதற்கு நேரடிச் சாட்சி.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்றும் சொல்லமாட்டேன். ஒன்றிரண்டு பாட்டு தலைப்பு கொடுக்கும் எதிர்பார்ப்பை எட்டவில்லை. முதல் இரண்டு ஆல்பங்களுக்குச் சமமாக இதை வைக்கமாட்டேன். 1990-களில் வந்தவற்றைவிட மேலே தயங்காமல் வைப்பேன்.

2004-லயும் ஒரு ஆல்பம் இருக்கே, அப்போ 2003 எப்படிக் கடைசி?

அது ‘ஹவ் டு மேக் எ மான்ஸ்டர்’. புதிய பாட்டுகளுக்காக ஸ்டுடியோவுக்குப் போய்ச் செய்தது இல்லை. ஆரம்பகால ஒத்திகைப் பதிவுகள், டெமோக்கள், பழைய நேரடிக் கச்சேரிகள் அடங்கிய இரட்டைத் தொகுப்பு. குழு எப்படி உருவானது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பொக்கிஷம். புதிதாகக் கேட்பவர்கள் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அதனால் கடைசி ஸ்டுடியோ ஆல்பம் என்ற இடம் 2003-க்குத்தான்.

இதான் கடைசின்னு தெரிஞ்சே பண்ணினாங்களா? லக்ஸ் போதையில செத்தார்னு கேள்விப்பட்டேன்.

விடைபெறும் தொனி ஆல்பத்தில் எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகும் கச்சேரிகள் செய்தார்கள். 2006-ல் ஐரோப்பாவில் வாசித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்ததுதான் கடைசிக் கச்சேரி. 2009 பிப்ரவரி 4 அன்று கலிஃபோர்னியாவின் கிளென்டேலில் லக்ஸ் இறந்தார். வயது 62. காரணம் பெருந்தமனிக் கிழிசல், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிவது. போதைக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அத்தோடு குழுவும் முடிந்தது. லக்ஸ் இல்லாத கிராம்ப்ஸ் என்று ஒன்றை ஐவி நடத்தவில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது 1987-ல் கிளம்பிய வதந்தியாக இருக்கலாம். ஹெராயின் அதிகமாகி லக்ஸ் இறந்துவிட்டார் என்று அப்போதே பரவி, ஐவியின் வீட்டுக்கு மலர்வளையங்கள்கூட வந்துவிட்டன. அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் அவர் வாழ்ந்தார், பாடினார்.

உண்மையான சைக்கோபில்லி ரசிகர்கள் கிராம்ப்ஸை ஏத்துக்கறதில்லையாமே?

சிலர் அப்படித்தான் வாதாடுவார்கள், அதில் பாதி நியாயம் உண்டு. சைக்கோபில்லி தனி வகையாக, தனித் தலைமுடி, தனி நடனம், தனி கிளப் என்று வளர்ந்தது 1980-களின் லண்டனில். 1980-ல் தொடங்கிய தி மீட்டியர்ஸ்தான் அதன் முதல் குழு. அந்த இசைக்கு உயிர், நின்றபடி தட்டி வாசிக்கும் பெரிய டபுள் பாஸ். பாஸே இல்லாமல் ஆரம்பித்த கிராம்ப்ஸ் (நான்காவது கேள்வியைப் பாருங்கள்) அந்த இலக்கணத்துக்குள் எப்படி வருவார்கள்? தாங்கள் அந்த வகை என்று அவர்களும் உரிமை கொண்டாடவில்லை. நோட்டீஸில் போட்டது கூட்டம் சேர்க்கத்தான் என்றார்கள். ஆனால் கிராம்ப்ஸ் இல்லாமல் அந்த வகையே இப்படி உருவாகியிருக்காது.

பாதிப் பாட்டு அடுத்தவங்க பாட்டுன்னா இது திருட்டு இல்லையா?

அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடும் கவர் பாட்டுக்கு எழுதியவர் பெயரைப் போட்டு, ராயல்டி கொடுத்தால் அது திருட்டு இல்லை. ஒரு பழைய மெட்டின் சாயலை எடுத்துப் புதிய வரி போட்ட பாட்டுகளும் அவர்களிடம் உண்டு, அதில் விவாதத்துக்கு இடம் இருக்கிறது. ராக்கபில்லியும் புளூஸும் வளர்ந்ததே அப்படித்தான்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. லக்ஸும் ஐவியும் வெறிபிடித்த தட்டுச் சேகரிப்பாளர்கள். ஒரே ஒரு சிங்கிள் போட்டுக் காணாமல்போன பாடகர்களை அவர்கள் பாடியதால்தான் மற்றவர்கள் தேடத் தொடங்கினார்கள். கிராம்ப்ஸ் பாடிய பாட்டுகளின் மூல வடிவங்களை மட்டும் திரட்டிப் பல தொகுப்புகள் வந்திருக்கின்றன. ரானி குக்கின் பெயர் இன்று நம் வாயில் வருகிறதே, அது யாரால்?

சரி, மொத்தமா எந்த வரிசையில கேக்கலாம்? அந்தப் பழைய பாட்டுகளையும் எங்க பிடிக்கறது?

முதலில் ‘சாங்ஸ் தி லார்ட் டாட் அஸ்’. மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில் அலெக்ஸ் சில்டன் தயாரித்தது. அடுத்து ‘சைக்கடெலிக் ஜங்கிள்’. பிறகு ‘எ டேட் வித் எல்விஸ்’, ‘ஸ்டே சிக்’. அங்கிருந்து நேராக 2003-க்குத் தாவிவிடுங்கள், விட்டதை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் ஸ்லாப்பேக் எதிரொலி தெளிவாகப் பிடிபடும். செல்ஃபோன் ஸ்பீக்கரில் அடித்தளம் மொத்தமும் காணாமல் போய்விடும்.

பழைய பாட்டுகளுக்கு, 1984-ல் லக்ஸ் வானொலிக்காகத் தொகுத்து வழங்கிய ‘தி பர்ப்பிள் நிஃப் ஷோ’ நிகழ்ச்சியைத் தேடுங்கள். முழுக்க அவர் சேகரிப்பிலிருந்த தட்டுகள், நடுவே அவர் பேச்சு. கிராம்ப்ஸ் பாட்டு பிடிக்காதவர்களுக்குக்கூட அது பிடித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.